தொடாமல் விட்டதைப் பாருங்கள்

கேள்வி: நான் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத் தொழிலாளி குடும்பத்தில் பிறந்தவள். இப்போது ஒரு வங்கியில் வேலை. எட்டு வருடமாக எழுதி ஒரு நாவலை முடித்திருக்கிறேன். தட்டச்சில் 480 பக்கம். ஒரு பதிப்பகத்தில் கொடுத்தேன். "விஷயம் நல்லா இருக்கு, எடிட் பண்ணிக் கொண்டுவாங்க" என்றார்கள். பள்ளியில் எனக்குத் தமிழ் சொல்லித்தந்த ஐயாவிடம் கொடுத்தேன். பேச்சு வழக்கையெல்லாம் சிவப்பு மையில் அடித்துத் திருத்தித் தந்தார். எழுத்தாள நண்பர் ஒருவரிடம் கொடுத்தேன். 150 பக்கத்தை வெட்டச் சொன்னதோடு, முதல் அத்தியாயத்தை அவரே திருப்பி எழுதி அனுப்பிவிட்டார். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் எழுதியது மாதிரி இல்லை. பணம் வாங்கிக்கொண்டு எடிட் செய்பவர்களும் இருக்கிறார்களாம். நல்ல எடிட்டர் என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? அவர் சொல்வதையெல்லாம் கேட்டே ஆக வேண்டுமா? இருவரின் திருத்தங்களோடும் சில பக்கங்களை இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் அனுப்பிய பக்கங்களை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, சிவப்பு மையையும் நண்பரின் குறிப்புகளையும் கண்ணை இடுக்கித் தவிர்த்துவிட்டு, உங்கள் எழுத்தை மட்டும். இரண்டாம் முறை அவர்கள் இருவரையும் மட்டும். உங்கள் நாவலைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை, அதற்கு 480 பக்கமும் படிக்க வேண்டும். ஆனால் அந்த இருவரையும் பற்றிச் சொல்ல இந்தப் பக்கங்களே போதும்.

ஐயாவிடமிருந்து தொடங்குகிறேன். பன்னிரண்டாம் பக்கத்தில் அம்மா மகளிடம் சொல்கிறாள்: "அவிய வந்துட்டாவ, சோத்தப் போடு." ஐயா அதை அடித்துவிட்டு மேலே எழுதியிருக்கிறார்: "அவர்கள் வந்துவிட்டார்கள், சாதம் பரிமாறு." இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. ஆனால் உங்கள் ஊரில் 'அவிய' என்று ஒரு மனைவி சொன்னால் அது ஒரே ஓர் ஆள். பெயர் சொல்லாமல், மரியாதை குறையாமல், கொஞ்சம் பயமும் கொஞ்சம் உரிமையுமாகக் கணவனைச் சொல்கிற சொல். திருத்தத்தைப் படிப்பவர் எத்தனை பேர் வந்தார்கள் என்று வாசலை எட்டிப் பார்ப்பார். அப்பா என்கிற ஆள் அந்த வீட்டில் யார் என்பதை நீங்கள் ஒரு சொல்லில் சொல்லியிருந்தீர்கள். அது போய்விட்டது.

இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு, ஏனென்றால் இதே தப்பை நான் செய்திருக்கிறேன். எடிட்டர் வேலைக்கு வந்த புதிதில் ஒரு நாவலில் 'கருக்கலில்' என்று வந்த இடங்களையெல்லாம் 'அதிகாலையில்' என்று மாற்றினேன். எங்கள் வீட்டில் கருக்கல் என்றால் விடியலுக்கு முந்தைய மங்கல். அந்த எழுத்தாளரின் ஊரில் அது அந்தி மங்கல். விளைவு, பொழுது சாய்ந்து கிணற்றுக்குப் போன ஒரு பெண், அச்சில் பொழுது விடியும்போது போனாள், அடுத்த பத்தியிலேயே வீட்டில் விளக்கு வைத்தாள். எழுத்தாளர் என்னைத் திட்டவில்லை. புத்தகத்தின் ஒரு பிரதியில் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டுக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு சொல் எனக்கு நெருடினால் முதலில் எழுதியவரைக் கேட்க வேண்டும், பிறகுதான் கை வைக்க வேண்டும் என்பதை அந்தக் கோடுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

அதனால்தான் என்னிடம் யார் எடிட்டரைப் பற்றி விசாரித்தாலும், அவர் திருத்தியதைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் தொடாமல் விட்டதைப் பாருங்கள் என்பேன். உங்கள் பக்கங்களில் உங்களுக்கே பிடித்த, இது எனக்கு மட்டும்தான் எழுத வரும் என்று நீங்கள் உள்ளுக்குள் நினைக்கிற நாலு வரி இருக்கும். அவை அப்படியே இருக்கின்றனவா? பதினாறாம் பக்கத்தில் "அம்மா காலைக் கழுவினாள். வெடிப்பில் உப்பு ஏறியிருந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா அங்கே ஒன்றும் செய்யவில்லை, அது அவருக்கு நல்ல மதிப்பெண். உங்கள் நண்பரோ அதை எடுத்துவிட்டு, வெண்ணிறப் பாலைவனத்தின் நடுவே காலம் உறைந்த சிலையாக அம்மாவை நிற்க வைத்திருக்கிறார். உப்பளத்தில் நாள் முழுக்கக் குனிந்து வாரிய பெண்ணை யார் சிலையாக நிற்க விட்டார்கள்? வேலை கெட்டுவிடாதா?

பேச்சு வழக்கை விட்டுவிட்டால் எடிட்டருக்கு அதில் வேலையே இல்லை என்று அர்த்தமில்லை. பன்னிரண்டாம் பக்கத்தில் 'அவிய' என்று சொன்ன அதே அம்மா நாற்பத்தோராம் பக்கத்தில் 'அவுக' என்கிறாள். இரண்டும் வேறு வேறு வட்டாரத்துப் பேச்சு. பிடிக்க வேண்டிய பிழை இதுதான். இருவருமே விட்டுவிட்டார்கள். ஐயாவுக்கு இரண்டுமே தப்பாகத் தெரிந்ததால் எது தப்பு என்று தெரியாமல் போய்விட்டது.

தமிழில் இதை ஒழுங்காகச் செய்தவர்கள் இல்லாமல் இல்லை. க்ரியா ராமகிருஷ்ணனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1974இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கினார், 2020 நவம்பரில் மறையும்வரை பிரதியைச் செம்மைப்படுத்துவதைத் தனி வேலையாக மதித்தவர். 1992இல் தற்காலத் தமிழ் அகராதியைக் கொண்டுவந்ததும் அதே ஆள்தான். எழுத்துத் தமிழின் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்தவர். இரண்டு வருடம் கழித்து இமையத்தின் முதல் நாவலான 'கோவேறு கழுதைகள்' அவரிடமிருந்து வந்தது. அதில் பேச்சு முழுக்க தென்னார்க்காட்டு வழக்கு. அகராதி போட்டவரே அதை அப்படி அச்சிட்டார் என்பதை ஐயாவிடம் ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லிப் பாருங்கள்.

இப்போது நண்பர். அவருடைய உரைநடையைக் கிண்டல் செய்துவிட்டேன், அதற்காக அவரை ஒதுக்கிவிடாதீர்கள். உப்பு எப்படி விளைகிறது என்று நீங்கள் ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறீர்கள், பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவது, கெட்டிப்படுவது, பூப்பது, வாருவது என்று. அந்த இடத்தில் நண்பர் "முழுக்க வெட்டு" என்று எழுதியிருக்கிறார். அதே பக்கத்தின் ஓரத்தில் ஐயா பென்சிலில் சின்னதாக "மிக நீளம்" என்று எழுதியிருப்பதைக் கவனித்தீர்களா? எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். அங்கே ஒரு கல் இருக்கிறது என்பதை நம்புங்கள். ஆனால் அந்தக் கல்லை என்ன செய்வது என்பதில் அவர்களை நம்ப வேண்டியதில்லை. நான் படித்தபோது எனக்குத் தோன்றியது வேறு: அந்த ஒன்பது பக்கத்தில் ஒரு மனிதர்கூட இல்லை. அதையே அந்தச் சிறுமி முதல் நாள் அம்மாவோடு அளத்துக்குப் போகும்போது பார்க்கிறாள் என்று வைத்தால் ஒன்பது பக்கமும் நிற்கலாம், நாலு பக்கமாகவும் ஆகலாம். அது உங்கள் பாடு.

இப்படிச் செய்து காட்டிய ஒருவர் மேக்ஸ்வெல் பெர்கின்ஸ். நியூயார்க்கில் ஸ்க்ரிப்னர்ஸ் பதிப்பகத்தில் எடிட்டர். 1924 இலையுதிர் காலத்தில் ஸ்காட் ஃபிட்ஜெரால்ட் பிரான்ஸிலிருந்து அவருக்குத் தன் நாவலின் பிரதியை அனுப்பினார். அதுதான் பிறகு 'தி கிரேட் காட்ஸ்பி' ஆனது. நவம்பர் 20ஆம் தேதி பெர்கின்ஸ் எழுதிய பதில் கடிதத்தை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் பாடம் மாதிரி படிப்பார்கள். முதலில் மனதாரப் பாராட்டுகிறார். அப்புறம் சொல்கிறார்: கதையில் வரும் டாம் பியூக்கனனைத் தெருவில் பார்த்தால் எனக்கு அடையாளம் தெரியும், பார்த்ததும் ஒதுங்கிப் போய்விடுவேன். நாயகன் காட்ஸ்பியோ மங்கலாக இருக்கிறான், வாசகரின் கண் அவன் மேல் நிலைகொள்ள மாட்டேன் என்கிறது. இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு கோடாவது காட்டக் கூடாதா? அவனுடைய பழைய கதையை ஒரே இடத்தில் மொத்தமாகக் கொட்டாமல் அங்கங்கே தூவ முடியுமா?

யோசனைகள் சொன்னார், ஆனால் பெர்கின்ஸ் பேனாவை எடுத்து ஒரு வரிகூட எழுதிக் காட்டவில்லை. ஃபிட்ஜெரால்டின் பதில்தான் எனக்கு இன்னும் பிடிக்கும். காட்ஸ்பி எப்படி இருப்பான், என்ன தொழில் செய்கிறான் என்று எனக்கே தெரியாமல் இருந்தது, நீங்கள் அதை உணர்ந்துவிட்டீர்கள் என்று ஒப்புக்கொண்டார். அந்தக் குளிர்காலம் முழுக்க ரோமில் உட்கார்ந்து, அச்சுக் கோத்துத் திருத்தத்துக்கு வந்த மெய்ப்பிலேயே அத்தியாயங்களை இடம் மாற்றி, புதிதாக எழுதித் திருப்பி அனுப்பினார். 1925 ஏப்ரலில் புத்தகம் வந்தது. எழுதியவருக்கே தெரியாமல் இருந்த ஒன்றை ஒரு வாசகர் மூக்கால் மோப்பம் பிடித்தார், அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த மூக்கு லேசில் வாய்ப்பதில்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் உங்களை ஏமாற்றுகிறேன் என்று அர்த்தம். ரேமண்ட் கார்வர் என்ற அமெரிக்கச் சிறுகதையாளரின் இரண்டாவது முக்கியத் தொகுப்பு 1981இல் வந்தது. அதன் எடிட்டர் கார்டன் லிஷ். கார்வர் கொடுத்த கதைகளில் ஏறக்குறையப் பாதியை வெட்டி, தலைப்புகளை மாற்றி, முடிவுகளை மாற்றி வைத்தார். கார்வர் அதைப் பார்த்துப் பதறிப்போய் 1980 ஜூலை 8ஆம் தேதி ஒரு நீண்ட கடிதம் எழுதினார், புத்தகத்தை நிறுத்திவிடுங்கள் என்று கெஞ்சினார். நிற்கவில்லை, வெளிவந்தது. வெளிவந்ததும் கார்வர் பெரிய ஆள் ஆனார். சுருங்கச் சொல்லும் நடைக்கு அவர்தான் முன்னோடி என்று கொண்டாடினார்கள். வெட்டப்படாத கதைகள் 'பிகினர்ஸ்' என்ற பெயரில் 2009இல்தான் வந்தன, கார்வர் இறந்து இருபது வருடத்துக்கு மேல் கழித்து.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் லிஷ் வெட்டிய சில இடங்கள் அபாரம் என்பதை மறுக்க முடியாது. எடிட்டராக எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. ஆனாலும் அவரை நல்ல எடிட்டர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் புத்தகம் யாருடையது என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. அடுத்த தொகுப்பில் இந்த மாதிரி வெட்டு கூடாது என்று கார்வர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். லிஷ் முன்பு சுருக்கிப்போட்டிருந்த ஒரு கதையை அதில் முழுசாகச் சேர்த்தும் கொண்டார். புகழ் கொடுத்த கையைத் தட்டிவிட ஒருவருக்கு எவ்வளவு வலித்திருக்க வேண்டும் பாருங்கள். உங்கள் முதல் அத்தியாயத்தைப் பற்றி "அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் எழுதியது மாதிரி இல்லை" என்று எழுதியிருந்தீர்களே, அந்த வலியின் சின்ன வடிவம்தான் அது. அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

சரி, நடைமுறைக்கு வருவோம். நம் ஊரில் எடிட்டிங் என்ற ஒரே சொல்லில் மூன்று வேலையைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். கதையின் அமைப்பைப் பார்ப்பது ஒன்று. வரி வரியாக நடையையும் தகவலையும் பார்ப்பது இன்னொன்று. மெய்ப்புத் திருத்துவது கடைசி, அச்சுக்குப் போகும் முன் ஒற்றும் கால்வாங்கியும் பார்க்கிற வேலை. ஐயா உங்களுக்குச் செய்தது மூன்றாவது. அதை அவர் முதலிலேயே செய்துவிட்டார், பாவம். அத்தியாயமே இருக்குமா போகுமா என்று தெரியாதபோது அதில் ர-வும் ற-வும் சரி செய்து என்ன பயன்? உங்களுக்கு இப்போது தேவை முதல் ஆள். அவரே இரண்டாவதையும் செய்யக்கூடியவராக இருந்தால் நல்லது.

அப்படிப்பட்ட ஆள் உங்களிடம் நிறையக் கேள்வி கேட்பார். எனக்குத் தோன்றியதில் ஒன்றைச் சொல்கிறேன். மழைக்காலத்தில் அளத்தில் வேலை இருக்காது என்று ஒரு வரியில் தாண்டிப் போகிறீர்கள். அந்த மாதங்களில் இந்தக் குடும்பம் எதைச் சாப்பிட்டது? யாரிடம் கடன் வாங்கியது? அடுத்த வருடம் வேலைக்கு வருகிறேன் என்று சொல்லி முன்பணம் வாங்கினார்களா? உங்கள் நாவலின் பாதி அங்கே ஒளிந்திருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். 150 பக்கம் போக வேண்டுமா என்பதைவிட எழுதாமல் விட்ட பக்கம் எது என்று பார்ப்பது எனக்கு முக்கியம்.

தகவலைப் பார்ப்பதற்கும் ஓர் உதாரணம். 1984இல் நடக்கிற கதையில் தொழிலாளர்கள் "தூத்துக்குடி மாவட்டக் கலெக்டரிடம்" மனு கொடுக்கிறார்கள். தூத்துக்குடி தனி மாவட்டம் ஆனது 1986 அக்டோபர் 20ஆம் தேதிதான். அதற்கு முன் அவர்கள் திருநெல்வேலிக்குப் பஸ் ஏற வேண்டும். இதைப் பிழை என்று திருத்திவிட்டுப் போகலாம். நல்ல எடிட்டர், அந்த பஸ் பயணத்தை எழுதுகிறீர்களா என்று கேட்பார். கூலியை விட்டுவிட்டு, பஸ் காசு சேர்த்து, தெரியாத ஊரில் ஒரு ஆபீஸ் வாசலில் காத்திருப்பது சும்மா இல்லையே.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது முழுப் பிரதியையும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். நடுவிலிருந்து ஓர் அத்தியாயம் கொடுங்கள். முதல் அத்தியாயம் வேண்டாம், அதை நீங்களே நாற்பது முறை இழைத்திருப்பீர்கள், உங்கள் பலவீனம் அதில் தெரியாது. அந்த ஓர் அத்தியாயத்துக்கும் பணம் கொடுங்கள். இலவசமாகச் செய்கிறவரிடம் நீங்கள் வாய் திறந்து மறுப்புச் சொல்ல மாட்டீர்கள், உங்கள் கடிதத்திலேயே அது தெரிகிறது. வேர்டில் டிராக் சேஞ்சஸ் போட்டுத் திருத்தச் சொல்லுங்கள், ஒவ்வொரு மாற்றமும் கண்ணில் தெரிய வேண்டும். தெரியாமல் மாற்றிவிட்டு "படிச்சுப் பாருங்க, நல்லா வந்திருக்கு" என்பவரிடம் அடுத்த அத்தியாயத்தைக் கொடுக்காதீர்கள். திரும்பி வந்ததும் ஓரக் குறிப்புகளை மட்டும் தனியாகப் படியுங்கள். "இது சரியில்லை" என்பது குறிப்பே கிடையாது. "இங்கே நான் குழம்பினேன், பேசுவது பெரியம்மாவா அத்தையா?" என்பதுதான் குறிப்பு. எங்காவது ஓர் இடத்தில் "இதைத் தொடாதீர்கள்" என்று எழுதியிருந்தால் அவரை விடாதீர்கள்.

அவர் இதற்கு முன் செய்த நாலு புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நாலும் ஒரே குரலில் பேசினால் உங்களுடையது ஐந்தாவதாகிவிடும்.

ஒத்துக்கொண்டபின் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை முறை படிப்பார், எந்த வேலை, எப்போது முடியும், பணம் எத்தனை தவணை. கடைசிச் சொல் உங்களுடையது என்பதையும் அதில் எழுதுங்கள். பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போடும்போதும் இதே கவனம் வேண்டும். 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உங்கள் பெயருக்குக் கேடு வரும்படி படைப்பைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. கோர்ட் வரை போகவா போகிறீர்கள்? இருந்தாலும் அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பேசுகிறவரின் குரலே வேறாக இருக்கும்.

எல்லாவற்றையும் கேட்டே ஆக வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நான் கொடுக்கிற குறிப்புகளில் பத்துக்குப் பத்தையும் ஏற்றுக்கொள்கிற எழுத்தாளரைக் கண்டால் எனக்குப் பயமாக இருக்கிறது, ஒன்றையுமே ஏற்காதவரைப் பார்த்தால் அலுப்பாக இருக்கிறது. குறிப்பு வந்த அன்றைக்குப் பதில் எழுதாதீர்கள். கோபம் வரும், வரட்டும். ஒரு வாரம் போகட்டும். அதற்குப் பிறகும் எந்தக் குறிப்பைப் படித்தால் கோபம் வருகிறதோ, அதில் ஒன்று அவர் உங்களைப் புரிந்துகொள்ளவில்லை, அல்லது நீங்கள் ஒளித்துவைத்ததை அவர் பார்த்துவிட்டார். எது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும், மற்றவர்களிடம் ஒப்புக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆகும்.

ஐயா மனம் நோகுமே என்ற கவலை உங்களுக்கு இருக்கும். அவர் திருத்தியதை ஏற்கவில்லை என்று போய்ச் சொல்ல வேண்டாம். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன் ஐயா, புத்தகம் அச்சுக்குப் போகும்போது மெய்ப்பு நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்று இப்போதே சொல்லிவையுங்கள். பேச்சு வருகிற வரிகளை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள், அவர் முணுமுணுப்பார், செய்வார். இதை நான் சும்மா சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. பதினெட்டாம் பக்கத்தில் 'உப்புக் காற்று' என்பதில் ஒரு 'க்' விட்டுப்போயிருந்தது. இரண்டு முறை படித்தும் என் கண்ணில் அது படவில்லை, அவருடைய சிவப்பு மையைப் பார்த்துத்தான் கண்டேன்.